எதிர்க்கை

ஈரமான படுக்கை விரிப்பைத் தேய்த்துக் காயவைக்கிற ரோலருக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இடது மூலையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வலது மூலையை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓர் உதறு உதறி, விளிம்பை விறைப்பாக இழுத்துப் பிடித்து, சூடான உருளையின் வாயருகே கொண்டுபோய் விட வேண்டும். ஒருவர் இமைக்கும் நேரம் முந்திவிட்டாலும் துணி கோணலாகப் போகும். கோணலாகப் போனது அந்தப் பக்கம் மடிப்பு விழுந்து வரும். மடிப்பு விழுந்ததை மறுபடி நனைத்துத்தான் விட முடியும். இதனால் அந்தச் சலவைக்கூடத்தில் கூட்டாளி, ஜோடி என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. எதிர்க்கை என்பார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "உனக்கு எதிர்க்கை யாரு?" என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாம் ரோலரில் அவனுக்கு எதிர்க்கை அவன் மனைவி. பதினாறு வருடமாக அவள்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு உதறுகிற ஜோடிகள் உண்டு. இவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. அவள் தோள் லேசாக உயர்ந்தால் அவன் கை தானாக உயரும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் மட்டும் அது பிசகும். அப்போது ரோலருக்குப் பின்புறம் மடித்து அடுக்குகிற பெண்களில் ஒருத்தி, எந்தச் செய்தியையும் அரைமணி நேரத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருக்க முடியாததால் ரேடியோ என்று பேர் வாங்கியவள், அங்கிருந்து குரல் கொடுப்பாள்: "பத்து விரிப்புல நாலு கோணலா வருது. நேத்து வீட்டுல என்ன விசேஷம்?"

கூடத்துக்கு வருவதெல்லாம் மருத்துவமனைத் துணியும் விடுதித் துணியும். வண்டியில் மூட்டையாக வரும். பிரிக்கிற மேசையில் விரிப்பு தனி, துண்டு தனி, நோயாளிகளின் அங்கி தனி என்று பிரிப்பார்கள். பிறகு துவைப்பு, பிறகு பிழிவு. பிழிந்து வந்த விரிப்பு அப்போதும் பச்சைக் குழந்தை கனம் கனக்கும். அது ரோலருக்குள் போய் வரும்போது அப்பளம்போல் வரும். உருளையின் சூடு அப்படி. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் பட்டால் நனைக்காது. முத்தாக உருண்டு ஓடி, ஓடும்போதே காணாமல் போகும்.

அந்த உருளைக்கும் ஆளுக்கும் நடுவே விரல் உயரத்தில் ஒரு நீளமான கம்பி உண்டு. தடுப்புக் கம்பி. விரல் தவறி உள்ளே போனால் முதலில் கம்பியில்தான் இடிக்கும். இடித்த உடனே ரோலர் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பிக்கு விரலும் துணியும் ஒன்றுதான். விளிம்பு தடித்த விரிப்பு வந்தாலும் இடிக்கும், ஒட்டுப் போட்ட விரிப்பு வந்தாலும் இடிக்கும். ஒவ்வொரு முறையும் ரோலர் நிற்கும், அதை மறுபடி கிளப்ப அரை நிமிடம் பிடிக்கும். இவ்வளவு காலமும் அந்த அரை நிமிடத்தை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. இடுப்பை நிமிர்த்திக்கொள்ளக் கிடைத்த நேரம் என்றுதான் வைத்திருந்தார்கள்.

விளையாட்டு வந்த பிறகுதான் அது பெரிதானது.

புதிதாக வந்த மேனேஜர் நல்ல மனிதர். எல்லாருடைய பேரையும் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டார். வேலை என்றால் ஓர் உற்சாகம் வேண்டும், செய்கிறவரைப் பாராட்ட வேண்டும் என்பார். நுழைவாயிலுக்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏணியும் பாம்பும் வரைந்த ஒரு பலகையை மாட்டினார். நூறு கட்டம். நான்கு ரோலருக்கு நான்கு மரக்காய், நான்கு நிறம். அன்றைய துணியை அன்றே முடித்தால் ஒரு கட்டம் ஏறலாம். நல்ல யோசனை சொன்னாலோ ஆள் குறைவாக இருந்தும் சமாளித்தாலோ ஏணி, மூன்று கட்டம். ஒரே நாளில் ரோலர் இருபது முறைக்கு மேல் நின்றால் சின்னப் பாம்பு, இரண்டு கட்டம் இறங்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் பேர் ஏறினால் பெரிய பாம்பு. எங்கே இருந்தாலும் சரி, ஒன்றாம் கட்டம். முதலில் நூறைத் தொடுகிற குழுவின் படம் வாசலில் தொங்கும். குழுவில் எல்லாரும் குடும்பத்தோடு ஒரு நாள் பஸ்ஸில் கடற்கரைக்குப் போய் வரலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லீடர். காயை நகர்த்துவது அவர் பொறுப்பு.

மூன்றாம் ரோலருக்கு அவன் லீடர். காய் மஞ்சள்.

பத்தொன்பது வருடத்தில் அவன் தன் பேரை அந்தக் கூடத்தில் உரக்கக் கேட்டதெல்லாம் ஏதாவது கெட்டுப்போன நாளில்தான். யாராவது அவனைக் கூப்பிட்டாலே, கால் நடக்கத் தொடங்குமுன் மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவனை மேனேஜர் ஒருநாள் எல்லார் நடுவிலும் கூப்பிட்டு, தன் கையால் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்துக் கைதட்டினார். 'உங்களைப் போன்றவர்களால்தான் இந்த இடம் ஓடுகிறது' என்று அதில் இருந்தது. அதை அவன் டீ நேரத்தில் நான்கு தடவை படித்தான். வீட்டில் மனைவி அதற்கு நெகிழித்தாள் உறை போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினாள். அதிலிருந்து அவன் காலையில் வருகைப் பதிவுகூடச் செய்யாமல் நேரே பலகை முன்னால் போய் நிற்க ஆரம்பித்தான். துவைப்புப் பகுதிக்காரன் ஒருவன், பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல்கூட இருப்பார், மஞ்சள் காயைப் பார்க்காமல் இருக்க மாட்டார் என்று கேலி செய்தான். அவனும் சிரித்தான். பொய்யில்லையே.

எழுபதாம் கட்டத்தில் ஒருமுறை சின்னப் பாம்பு கடித்தது. அன்றைக்கு ஒட்டுப்போட்ட விரிப்புகள் ஒரு வண்டி வந்து ரோலர் முப்பத்தோரு முறை நின்றது. மறுநாள் அவன் கிழிந்த விரிப்பொன்றிலிருந்து விளிம்பைப் பட்டையாகக் கிழித்து, தடுப்புக் கம்பி அசையாதபடி பக்கச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். காலையில் கட்டுவான், மேற்பார்வையாளர் சாயங்காலச் சுற்று வருமுன் அவிழ்ப்பான். அவன் மனைவி முதல் நாள் மட்டும், வேண்டாங்க என்றாள்.

"மத்தவங்களுக்குத்தான் அந்தக் கம்பி. பதினாறு வருஷத்துல உன் விரல் ஒரு தடவையாவது உள்ள போயிருக்கா? உன்னை மாதிரி கை இந்தக் கூடத்துலயே கெடையாது."

அவள் தன் மூலையைப் பிடித்துக்கொண்டாள். பாராட்டு என்பது அவளுக்கும் அடிக்கடி கிடைத்த பண்டமில்லை.

காய் தொண்ணூறில் இருந்த திங்கட்கிழமை அது நடந்தது. பிரிக்கிற மேசையில் கண்ணுக்குத் தப்பிய ஓர் அங்கி, விரிப்புக்குள் சுருண்டு துவைப்பு, பிழிவு எல்லாம் தாண்டி வந்துவிட்டது. நோயாளிகளின் அங்கிக்கு முதுகில் முடிச்சுப் போட நாடா உண்டு. அந்த நாடா அவளுடைய வலதுகை விரல்களில் சுற்றியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. விளிம்பை விட்டாள், துணி போனது, நாடா போனது, நாடாவோடு கையும் போனது. கம்பி அசையவில்லை. அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் சிவப்புப் பொத்தானை அறைந்தான். நின்ற உருளையைப் பின்னால் சுற்றுகிற கைப்பிடியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினான். கை வெளியே வந்தது. நான்கு விரலின் மேற்புறமும், நடுக்கணுவில், அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரே கோடாக வெளுத்திருந்தது.

ரோலர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். முன்னால் நடப்பது பின்னால் தெரியாது. பின்னாலிருந்து ரேடியோ, "என்னாச்சு?" என்றாள்.

"நாடா சுத்திக்கிச்சு," என்றான் அவன்.

அவன் யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. பொய்யும் இல்லை, நாடா சுற்றியதுதான். எதைச் சுற்றியது என்பதை மட்டும் விட்டுவிட்டான். பிற்பாடு பல தடவை அந்த இடத்துக்குத் திரும்பிப்போய்ப் பார்த்தபோதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது இதற்காகத்தான். பயந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பயம்கூட அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசாதே.

அவள் ஈர விரிப்புகள் கிடந்த தொட்டிக்குள் முழங்கைவரை கையைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அவன் கிட்டே போனான்.

"வீட்டுல அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிரலாமா?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தடுப்புக் கம்பியில் இருந்த முடிச்சைப் பார்த்தாள்.

"முதல்ல அத அவுருங்க," என்றாள்.

அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வேலை முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பாதியில் கிளம்பினால் காரணம் எழுத வேண்டும். ஆகவே அவள் நாற்பது நிமிடமும் நின்றாள். அவளுக்குத் தலைசுற்றுகிறது என்று சொல்லி ரேடியோவை முன்னால் கூப்பிட்டான். ரேடியோ வந்தாள், தொட்டிக்குள் இருந்த கையைப் பார்த்தாள், கீழே கிடந்த அங்கியைப் பார்த்தாள், சட்டத்தில் தொங்கிய பட்டையைப் பார்த்தாள். வலது மூலையைப் பிடித்துக்கொண்டு உதறத் தொடங்கினாள். அன்றைக்கும் சரி, அடுத்த ஆறு நாளும் சரி, அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரேடியோவுக்கே வாய் மூடிவிட்டது என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டாம். மடிக்கிற நான்கு பேருக்கும் மறுநாள் காலைக்குள் தெரிந்திருந்தது. ஒருவரும் அவன் மனைவிக்கு என்ன என்று கேட்கவில்லை. கேட்காததில்தான் அவர்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன மருத்துவமனை. கட்டுப் போடுகிற நர்ஸ் நடுவயதுக்காரி. எப்படிப் பட்டது என்று கேட்டாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது என்று அவன் சொன்னான். உங்களைக் கேட்கவில்லை என்றாள். பிறகு, கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்று கதவைச் சாத்தினாள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நர்ஸ் குனிந்து என்னவோ கேட்பதும், அவன் மனைவி இல்லை இல்லை என்று தலையசைப்பதும், நர்ஸ் மறுபடி கேட்பதும் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, நர்ஸ் என்ன கேட்டாள் என்றான். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டதாக அவள் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காய் தொண்ணூற்றொன்று. அவன் மனைவியின் விடுப்புச் சீட்டில் 'வீட்டில் தீக்காயம்' என்று அவனே எழுதிக் கொடுத்தான். கம்பியைக் கட்டாமல் விட்டான். ரோலர் பத்தொன்பது முறை நின்றது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினான்கு. சாப்பிட்டு வந்ததும் பட்டையை எடுத்தான். கட்டும்போது எதிரே ரேடியோ நின்றுகொண்டிருந்தாள்; இப்போது உள்ளே போவதானால் அவள் கைதான் போகும். அவள் தன் விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டு, விளிம்பைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். எதிர்க்கை விடுப்பில் இருந்தும் ஒரு துணி பாக்கி வைக்காமல் முடிக்கிறார்கள் என்று மஞ்சளுக்கு ஓர் ஏணி கொடுத்தார். தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றாறு. அவன் மனைவிக்கும் ஓர் அட்டை எழுதித் தந்தார். 'சீக்கிரம் குணமாகி வாருங்கள். வீட்டிலும் பாதுகாப்பாக இருங்கள்.' அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். கொண்டுபோனான். அவள் இடது கையால் வாங்கிப் படித்தாள். நல்லா எழுதியிருக்காரு என்றாள். அந்த அட்டைக்கு உறை போடவில்லை.

அதற்குள் தெரு பேசத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் காலையில் ஒரு கை தூக்குவார்; இப்போது ஊசிக்கு நூல் கோக்கிற கவனம் அதிகமாகிவிட்டது. குழாயடிப் பேச்சு அவன் வந்தால் நின்று, போனால் தொடர்ந்தது. அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அடுப்பில் தவறிப் பட்டால் ஒரு பொட்டாகப் படும், தண்ணீர் கொட்டினால் பரவலாகப் படும். நான்கு விரலில் ஒரே கோடாக எப்போது படும்? ஒருத்தர் பிடித்து வைத்தால் படும். ரோலரைப் பார்த்திராத எவருக்கும் வேறு கணக்கு வராது.

ஞாயிறு காலை அவன் மனைவியின் அண்ணன் வந்தார். பஸ் ஓட்டுநர். சீருடையோடு, வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டதற்குத் தலையாட்டவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தங்கையின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது படிக்கிற மகள் அலமாரி ஓரமாகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிம்மா பட்டுச்சு?"

"பாத்திரம் வழுக்கிருச்சுண்ணே."

"வழுக்குன பாத்திரம் கால்ல விழும். விரல்ல கோடு போடாது." அவர் குரலை உயர்த்தவில்லை. "மாப்பிள்ளை, நான் ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்கக் கூடாது. உங்களுக்கும் அவளுக்கும் ஏதாவது?"

இல்லை மச்சான் என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எப்படி என்று வரும். அவன் பதில் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நொடியும் ஒரு பதிலாக அந்த அறையில் சேர்ந்துகொண்டே போனது.

"நானேதான்ணே," என்றாள் அவள். "அவரு அப்ப வீட்லயே இல்ல. சும்மா ஊர் சொல்றதக் கேட்டுட்டு வராதீங்க."

அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, அவனைப் பார்க்காமல், அவள் இந்தப் பொய்யை அவனுக்காகத்தான் சொல்கிறாள் என்று தமக்குத் தெரியும் என்றார். அது உண்மை. எதை மறைக்கிற பொய் என்பதில்தான் அவர் தவறியிருந்தார். அதைத் திருத்த அவனுக்கு வாயில்லை.

அன்றைக்குத்தான் அவன் மனைவியிடம், நர்ஸ் உண்மையில் என்ன கேட்டாள் என்று மறுபடி கேட்டான். அவளும் ஒளிக்கவில்லை. "உன் புருஷன் பண்ணினாரான்னு கேட்டாங்க. பயப்படாம சொல்லுன்னாங்க. ஒரு ஃபோன் நம்பர் எழுதிக் குடுத்தாங்க." அந்தச் சீட்டு எங்கே என்றான். கிழிச்சுப் போட்டுட்டேன் என்றாள்.

திங்கட்கிழமை காலை. காய் தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் போக வேண்டிய நாள். குளிக்க மனைவிக்குச் சுடுதண்ணீர் வைத்திருந்தான். ஒரு கையால் அவளால் தூக்க முடியாது. துணியால் இருபுறமும் பிடித்துப் பாத்திரத்தை இறக்கித் திரும்பினான். மனைவி தரையில் உட்கார்ந்து கட்டின்மேல் நெகிழிப் பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் மகள் வந்து நின்றாள். ஓடி வரவில்லை. புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாக, இரண்டடி எடுத்து வைத்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் முதுகால் அம்மாவை மறைத்தாள்.

"குடுங்கப்பா. நான் ஊத்திக்கிறேன்."

"சூடா இருக்கு. தள்ளு."

"பரவால்ல. அங்கயே வெச்சிட்டுப் போங்க."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெருநாயின் வாயைப் பார்ப்பதுபோல. அவன் பாத்திரத்தைத் தரையில் வைத்தான். வைக்கும்போது தண்ணீர் கொஞ்சம் தளும்பியது. மகள் பின்வாங்கவில்லை; ஆனால் அவள் கால்விரல்கள் மடங்கியதை அவன் பார்த்துவிட்டான்.

எட்டு மணிக்கு அவன் மேனேஜர் அறையில் நின்றான். மேசையில் பஸ்ஸில் யார் யாருக்கு எந்த இருக்கை என்கிற பட்டியல் இருந்தது. அவன் முடிச்சிலிருந்து தொடங்கினான். கட்டியது, கை போனது, நாடா என்றது, நாற்பது நிமிடம், அடுப்பு, மறுபடி கட்டியது. சொல்லச் சொல்ல, இது எவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய விஷயம் என்பது அவனுக்கே விளங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜர் முதலில் எழுந்துபோய் மூன்றாம் ரோலரை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து வெகுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நல்லதுக்குத்தான்…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். காயம்பட்டவர் நிரப்ப வேண்டியது.

விதி விதிதான். காயை லீடர்தான் நகர்த்த வேண்டும். எல்லா ரோலர்காரர்களும் பார்க்க அவன் மஞ்சள் காயைத் தொண்ணூற்றெட்டிலிருந்து எடுத்து ஒன்றில் வைத்தான். ஒன்றாம் கட்டம் முழங்கால் உயரத்தில் இருந்தது, குனிய வேண்டியிருந்தது. மடிக்கிற பெண்களில் ஒருத்தி, பிள்ளைக்குக் கடலுக்கென்று தொப்பி வாங்கியாகிவிட்டது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். ரேடியோ மட்டும் கிட்டே வந்தாள்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஆறு பேரும் சேர்ந்து ஒரு பொணத்தத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தோம். நீங்க உங்க மூலைய மட்டும் கீழ வெச்சிட்டு நல்லவராயிட்டீங்க." போகத் திரும்பியவள் மறுபடி அவன் பக்கம் திரும்பினாள். "கை எப்படி இருக்கு அவளுக்கு?"

ஏழு நாளில் அந்தக் குழுவில் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்குப் பாரம் இறங்கினாற்போல் ஒரு லேசான உணர்வு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மச்சானுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டான். தையல்காரரிடம் நின்று சொன்னான். குழாயடிக்கும் இந்நேரம் போயிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவளுக்கும் சொன்னான். அப்பா கையால் நடக்கவில்லை, ரோலரில் நடந்தது என்றான். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அப்ப நாற்பது நிமிஷம் அங்கயே நின்னியாம்மா?" என்றாள். அவ்வளவுதான்.

படிவத்தை மேசையில் விரித்தான். அவள் வலது கையால் எழுத முடியாது. சொல்லச் சொல்ல அவன்தான் எழுத வேண்டும். பெயர், வயது, பிரிவு. நடந்த நாள். தெரிவித்த நாள். விபத்து எப்படி நடந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள்: பிரிக்காமல் வந்த அங்கி, நாடா, கம்பி கட்டியிருந்தது. அருகில் இருந்தவர் என்ற இடத்தில், என்ன எழுத என்று கேட்டான்.

"எதிர்க்கைன்னு எழுதுங்க."

எழுதினான். அதற்கடுத்த வரி, தெரிவிப்பதில் தாமதம் ஏற்பட்டிருந்தால் காரணம். அரை வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

"பயத்துலன்னு போட்டுறவா?" என்றான் அவன்.

"யாருக்கு பயம்?"

அவன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான்.

"எனக்குப் பயமில்ல. வலிதான் இருந்துச்சு," என்றாள் அவள். "காயம்பட்டவர் தன் வார்த்தையில சொன்னதுன்னு மேல போட்டிருக்குல்ல? நான் சொல்றேன். அப்படியே எழுதுங்க. என் கை வெந்தப்ப எதிர்க்கை சொல்ல வேணாம்னாரு. ஏழு நாள் கழிச்சு அவரு பேரு வெந்துச்சு. அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துணியின் எண்ணிக்கையைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால் அவனுக்கு மறுத்துப் பேச ஓர் இடமும் கிடைக்கவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம். சாயங்காலம் முழுக்க அவன் கூடவே நடந்துவந்த அந்த லேசான உணர்வு எதனால் வந்தது என்று இப்போது தெரிந்தது. இன்றைக்கு அவன் வழியில் எத்தனை பேரிடம் நின்று சொன்னான். எல்லாரிடமும் தன் கை செய்யவில்லை என்றுதான் சொன்னான். அவள் கை எப்படி இருக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

எழுதினான். அரை வரி போதவில்லை. ஓரத்தில் மேலேறி, எழுத்து சிறுத்து, படிவத்தின் கரைவரை போனது.

"முடிஞ்சுதா?"

"ம்."

"படிச்சுக் காட்டுங்க."

மகள் புத்தகத்தை மூடி வைத்தாள். அவன் தாளைக் கையில் எடுத்தான். தன் கையெழுத்தே அவனுக்கு வேறு யாருடையதோபோல இருந்தது. என் கை வெந்தபோது என்று தொடங்கி, எதிர்க்கை என்ற இடம்வரை வந்தான். அங்கே குரல் தேய்ந்து வெறும் உதடுதான் அசைந்தது.

"கேக்கல," என்றாள் அவன் மனைவி. "முதல்லேருந்து படிங்க."